கீழே வருவது கூட்டல்

ஹாரன் அக்கா முதல் தடவை வீட்டுக்கு வந்தது ஒரு மதிய நேரம். என் மனைவி இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் காலை ஷிப்ட். வீடு திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன். போகவில்லை.

திறந்தால் பேருந்து ஓட்டுநர் சீருடையில் அவர். தோளில் ஒரு பை. இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கீங்களா தம்பி? இன்னொரு தட்டு தட்டியிருந்தா கதவு என் கையோட வந்திருக்கும்."

நான் வழியிலேயே நின்றேன்.

"உள்ள தள்ளி நில்லுங்க தம்பி. நான் தெனமும் பஸ்ல சொல்றதுதான்."

தள்ளி நின்றேன். உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் இருப்பதைவிடத் தொண்டையில் இருப்பதைத்தான் அதிகம் அடிப்பார் என்று என் மனைவி சொல்லுவாள். இருவரும் மாலைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. எக்ஸ்ரே எடுக்கும் தொழில்நுட்பப் படிப்பில் சேர வேண்டுமானால் முதலில் இரண்டு பாடங்களில் தேற வேண்டும். ஒன்று அறிமுக இயற்பியல். இன்னொன்று ப்ரீகால்குலஸ் என்கிற கணக்குப் பாடம். வீட்டுப்பாடத்தை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்து கணினியில் அனுப்ப வேண்டும். என் மனைவியும் இவரும் ஜோடி. வயதில் பாதிக்குப் பாதி வித்தியாசம். வகுப்பில் இவர்களுக்கு 'டபுள் டெக்கர்' என்று பட்டம்.

"அவள எடுத்த அன்னிக்கு வந்தேன்" என்றார். "டூட்டி டிரஸ்லயே வந்துட்டு ஓடிட்டேன். உங்ககிட்ட பேசல. என்னத்தப் பேசுறது."

"பரவாயில்லக்கா."

"காலேஜ்ல கேட்டேன். வேற ஜோடி போட்டுத் தரவான்னாங்க. வேணாம், தனியாவே அனுப்புறேன்னுட்டேன். திமிரு. போன வாரம் ஒரு முட்டை. இந்த வாரம் ரெண்டு முட்டை. இனி ஆம்லெட்தான் போடணும்."

பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். அவள் போனதிலிருந்து அந்த மேசையில் எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை.

"அவ சொல்லுவா, கஷ்டமான கணக்குக்கெல்லாம் எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்குன்னு."

"நான் இப்ப சொல்லிக்குடுக்குற நெலமைல இல்லக்கா."

"தெரியும். நானும் வந்து கேக்குற நெலமைல இல்ல." இடுப்பைத் தட்டிக் காட்டினார். "எலும்பு தேஞ்சுபோச்சு. கிளட்ச்ச மிதிச்சா உயிர் போகுது. இந்த வருஷத்தோட வண்டிய விட்டு எறங்கிடுன்னு டிப்போ டாக்டர் சொல்லிட்டாரு. எறங்கி எங்க போறது? கூட்டிப் பெருக்கலாம்னா அதுக்கும் இடுப்பு வேணுமே. இது பாஸானா சீட்டு உண்டு. நின்ன எடத்துல பட்டனை அமுக்குற வேலை. போன தடவை ஃபெயிலு. இந்தத் தடவையும் போச்சுன்னா மூணாவது தடவை எழுத விடமாட்டாங்க. ரூல்ஸாம்."

நான் தாள்களை அவர் பக்கம் தள்ளினேன்.

"சொல்லிக்குடுக்க வேணாம். எங்க மாட்டிக்கிறேன்னு மட்டும் பாருங்க. போயிடுறேன்."

கணக்கு எளியது. ஒரு பந்து தரையிலிருந்து நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறியப்படுகிறது. எவ்வளவு உயரம் போகும்? புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று கொள்க.

அவர் பேனாவை எடுத்தார். எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம்.

"மொதல்ல படம் போடு. அழகா இருக்கணும்னு இல்ல, சட்டம் போட்டு மாட்டப் போறதில்ல. ஆளு எங்க நிக்குது? கீழ, பேஸ்மென்ட்ல. நமக்கு வர்றது பூரா மேலருந்துதான் வரும். வர்றது பிளஸ்ஸு. நம்மள விட்டுப் போறது மைனஸ்ஸு. பந்து இப்ப போகுது. அதனால மைனஸ் இருபது. பூமி அதத் திருப்பி நம்மகிட்ட அனுப்புது. அதனால பிளஸ் பத்து."

அது அவர் பேச்சு இல்லை.

என் மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். தரைக்கு அடியில் இருக்கும் கூடம். எல்லா மாடிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகள் ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக அங்கே வந்து விழும். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை என்பாள். வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்த முதல் வாரமே என்னோடு சண்டை. மேல்நோக்கிய திசையை நேர் என்று எடு, எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் என்றேன். "புத்தகம் எழுதினவரு மாடில இருப்பாரு. நான் கீழ இருக்கேன்" என்றாள். இயற்பியலில் அதற்குத் தடை இல்லை. எந்தத் திசையையும் நேராக எடுத்துக்கொள்ளலாம், கடைசிவரை மாறாமல் இருந்தால் போதும். அவள் மாறமாட்டாள். விடை வந்ததும் குறியை மட்டும் திருப்பி எழுதிவிடுவாள். "நீ சரியாத்தான் சொல்ற. எனக்குத்தான் தூக்கம் வருது" என்று என்னைச் சமையலறைக்குத் துரத்திவிட்டு, போனில் இவருக்குத் தன் வழியில் சொல்லிக்கொடுப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் சிரிப்புதான் கேட்கும்.

ஹாரன் அக்கா கணக்கின் கடைசி வரிக்கு வந்துவிட்டார். "மைனஸ் இருபது." பேனாவை நிறுத்தினார். பிறகு சொன்னார். "மைனஸ் வந்தா பதறாத. நம்மள விட்டு அவ்ளோ தூரம் போயிருக்குன்னு அர்த்தம். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க தம்பி தப்பு?"

தாளை என் பக்கம் திருப்பினேன். "தப்பு எதுவும் இல்லக்கா. அவங்க மேல் பக்கத்தை பிளஸ்னு வெச்சுக் கேக்குறாங்க. கடைசில குறியத் திருப்பிப் போடணும்."

"அடக் கஷ்டமே. அத அவதான் பண்ணுவா. நான் டைப் மட்டும்தான் அடிப்பேன்."

தாள்களை அடுக்கிப் பையில் வைத்தார். எழுந்தார்.

"நாளைக்கு வாங்கக்கா" என்றேன்.

அவர் ஓட்டுவது இரண்டு வேளை ஷிப்ட். காலை நெரிசலுக்கு ஒரு ஓட்டம், மாலை நெரிசலுக்கு ஒரு ஓட்டம். இடைப்பட்ட மதியத்தில் மற்ற ஓட்டுநர்கள் டிப்போ பெஞ்சில் தூங்குவார்கள். இவர் மாடி ஏறி வருவார். நான் மேசையைத் துடைத்து வைத்திருப்பேன். பிறகு சட்டையும் மாற்ற ஆரம்பித்தேன். அம்மா போனில் கேட்பாள், சாப்பிட்டாயா என்று. இப்போது பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹாரன் அக்கா தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

"இது ஃபீஸ். வாங்கலன்னா பாடத்த ஒழுங்கா சொல்லித் தரமாட்டீங்க."

ஒரு நாள் பேருந்துக் கணக்கு வந்தது. நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து இரண்டு நொடியில் நிற்கிறது, முடுக்கம் என்ன?

"எந்தக் கிறுக்கன் இப்படி பிரேக் அடிக்கிறான்?" என்றார். "நிக்கிற ஜனமெல்லாம் கண்ணாடில வந்து ஒட்டிக்கும். ரெண்டு நாள் சஸ்பெண்டு. அதையும் சேத்து எழுதவா?"

"முடுக்கம் மட்டும் போதும்."

"மைனஸ் பத்து. ஆளு தாங்காது."

சைன், கோசைன் வந்தது. எனக்குத் தெரிந்த விதத்தில் முக்கோணம் வரைந்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"இது அந்த ஏணிதானே? சுவத்துல சாஞ்சு நிக்கும். சுவத்துல எவ்ளோ உசரம்னா சைன். தரைல எவ்ளோ தள்ளின்னா கோசைன். ரெண்டு பேரும் ஓரகத்திங்க. ஒருத்தி ஏறுனா இன்னொருத்தி எறங்குவா. ரெண்டு பேரும் சமமா இருக்குறது நாப்பத்தஞ்சு டிகிரில மட்டும்தான். அன்னிக்கு வீட்டுல நல்லது கெட்டது ஏதாச்சும் இருக்கும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கிறேன். எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

என் மனைவி போனபின் வீட்டில் அவள் குரல் எங்கேயும் இல்லை. போனில் பதிவு செய்து வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வாழ்த்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று எழுத்தில் சில செய்திகள் கிடந்தன. அவளுடைய துணிகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார். இங்கே, இந்தப் பேருந்து ஓட்டுநரின் கரகரத்த தொண்டையில், அவள் வாக்கியம் வாக்கியமாக இருந்தாள். கணக்குப் போட்டால் வருவாள். அதுவும் ஏதாவது விழுகிற கணக்கானால் நிச்சயம் வருவாள்.

நான் விழுகிற கணக்காகக் கொடுத்தேன். மேசையிலிருந்து உருளும் கோலி. கூரையிலிருந்து நழுவும் ஓடு. கிணற்றில் போட்ட கல். பாடத்தில் அந்தப் பகுதி முடிந்துவிட்டிருந்தது.

"இன்னும் இதையேதான் கேப்பாங்களா தம்பி?" என்றார் ஒரு நாள்.

"கேப்பாங்க" என்றேன்.

இடைப்பருவத் தேர்வு வந்தது. முடிந்த மறுநாள் அவர் வந்தபோது மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. வழக்கமாகக் கீழ்வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை வம்பிழுத்துவிட்டுத்தான் ஏறுவார். தாளை மேசையில் வைத்தார். தேற வேண்டிய மதிப்பெண்ணில் பாதிகூட இல்லை.

"எல்லாம் தலைகீழா வந்துருச்சு" என்றார்.

பார்த்தேன். ஒற்றைப் பந்துக் கணக்குகள் சரி. குறியைத் திருப்பிப் போட்டிருந்தார். மாட்டிக்கொண்டது இரண்டு கற்கள் கணக்கில். நாற்பத்தைந்து மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விடப்படுகிறது. அதே கணம் தரையிலிருந்து இன்னொரு கல் நொடிக்கு முப்பது மீட்டர் வேகத்தில் மேலே எறியப்படுகிறது. எப்போது சந்திக்கும்? ஒன்றரை நொடியில். அவருக்கு வந்தது ஒன்று புள்ளி ஒன்று.

"எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க."

"மேல் கல்லு கீழ வருது. நம்ம கீழ நிக்குறோம். வர்றது பிளஸ். சரியா? கீழ் கல்லு மேல வருது. அதுக்கு நான் மேல போய் நின்னேன். நம்மகிட்டதானே வருது? அதுவும் பிளஸ். முப்பது பிளஸ், பத்து பிளஸ்."

ஒரு கல்லுக்குத் தரைக்கு அடியிலும் இன்னொரு கல்லுக்குக் கூரை மேலும் நின்றிருக்கிறார். அதனால் பூமி கீழ்க் கல்லை மேலே இழுத்திருக்கிறது. வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. என் மனைவியிடம் படித்திருந்தால்தான் முடியும்.

ப்ரீகால்குலஸிலும் அதே கதை. எறிந்த பந்தின் உயரத்துக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். குடை மாதிரி வர வேண்டிய பரவளையம் கிண்ணம் மாதிரி வந்திருந்தது. பெரிய மதிப்பைக் கேட்ட இடங்களிலெல்லாம் சிறிய மதிப்பை எழுதியிருந்தார்.

"அவ சொன்னது தப்பா தம்பி?"

"தப்பில்ல."

"அப்ப?"

"அவ ஒரு எடத்துலதான் நிப்பா. நீங்க ரெண்டு எடத்துல நிக்கிறீங்க."

"நான் ஒரு எடத்துல நின்னே வருஷக் கணக்காச்சு தம்பி. ஓட்டுற ஆளு."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் வழியையே காப்பாற்றப் பார்த்தேன். கீழேயே நில்லுங்கள், எத்தனை கல் வந்தாலும் நகராதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சில கணக்கு சரியாக வரும். அடுத்ததில் மேலே போய்விடுவார். அதோடு இறுதித் தேர்வில் வரைபடத்துக்கான கட்டங்களைக் கணினியே போட்டுத் தந்துவிடும். அம்பு மேல்நோக்கித்தான் இருக்கும். மாற்ற முடியாது. எனக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்தும் கோலிகளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் அவர் வரும் நேரத்தில் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். தெருவைக் கடந்து வந்தார். வாசல் படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். அப்படியே அடுத்த படி. இந்த நாட்களில் நான் ஒரு தடவைகூட, நான் கீழே வருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அவர் இடுப்பு ஞாபகத்தில் இல்லை. தொண்டை மட்டும்தான் இருந்தது.

அவர் உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அக்கா, இன்னியிலேர்ந்து மேல் பக்கம்தான் பிளஸ்."

"எந்தக் கணக்குக்கு?"

"எல்லாத்துக்கும். அவ சொன்னத விட்டுடுங்க."

அவர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மூடினார்.

"வேற எத வேணும்னாலும் மாத்துங்க தம்பி. எழுத்தை மாத்துங்க, படத்தை மாத்துங்க. அத மாத்தச் சொல்லாதீங்க."

"ரெண்டும் ஒண்ணா இருக்காது. பாத்தோம்ல."

"அவகூட உக்காந்து எங்கெங்கயோ படிச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல, டீக்கடைல. கடைசியா அவ ஆஸ்பத்திரில இருக்கும்போது போன்ல. மூச்சு வாங்குது அவளுக்கு. படம் போட்டியாக்கான்னு கேக்குறா." நிறுத்தினார். "இந்த மாதிரி புருஷன் எங்கயாவது உண்டா? பொண்டாட்டி சொன்னத மறன்னு நீங்களே சொல்றீங்க."

"பாஸாகணும்ல."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

எனக்குத் தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை. என் மனைவி அந்த மருத்துவமனையின் மேல்மாடி ஒன்றில்தான் இறந்தாள். காய்ச்சல் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அவளைக் கொண்டுபோன பிறகு படுக்கை விரிப்பை உருவி மூட்டையாகக் கட்டினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்தக் குழாய் வழியாகத்தான் கீழே போயிருக்கும். கீழே அவளுடைய ஷிப்ட் ஆட்கள் அண்ணாந்து நின்றிருப்பார்கள்.

"ஒண்ணும் தோணல" என்றேன். "பேனாவ எடுங்க."

எடுத்தார். ரொம்ப நேரம் கழித்து.

என் முறை எளியது. கணக்கைப் படிப்பதற்கு முன்பே தாளின் மூலையில் மேல்நோக்கி ஓர் அம்பு போட வேண்டும். அதன் தலையில் பிளஸ். பிறகுதான் முதல் வார்த்தையைப் படிக்கலாம். படித்ததும் அவர் வாய் தானாகத் தொடங்கும். "ஆளு எங்க நிக்குது..." நான் குறுக்கே விழுவேன்.

"அம்பு."

"போட்டுட்டேனே."

"அத மட்டும் பாருங்க. ஆளெல்லாம் வேணாம்."

மறுபடி தொடங்குவார். "நமக்கு வர்றது பூரா..."

"அம்பு."

"பேசக்கூடவா கூடாது?"

"கூடாதுக்கா. பேசினா அவ வழியிலதான் போறீங்க. மனசுக்குள்ள போடுங்க."

"டிப்போல ஆள் வெச்சு முயற்சி பண்ணாங்க. என் வாய மூட முடியல" என்றார். "நீங்க மூடிட்டீங்க."

இப்படியே போனது. முதலில் அவருக்கு எதுவுமே வரவில்லை. முன்பு சரியாகப் போட்ட ஒற்றைப் பந்துகூடத் தவறிப்போனது. ஒரு நாள் பேனாவை மேசையில் எறிந்துவிட்டு, பேருந்தில் ஒரு குடிகாரனைத் திட்டுவது போல என்னைத் திட்டினார். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு அம்பு போட்டார். இன்னொரு நாள் பாதிக் கணக்கில் அழுதுவிட்டார். நான் அடுத்த கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் அவரை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்கத் தோன்றும். முழு வாக்கியத்தையும் சொல்லவிட்டு அப்புறம் நிறுத்தலாமே என்று தோன்றும். ஒரு தடவை விட்டேன். மைனஸ் வந்தா பதறாத என்று தொடங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கணக்கு தப்பாகப் போனது. அதன்பிறகு விடவில்லை.

இப்போதெல்லாம் நான்தான் கீழே போனேன். கீழ்வீட்டுக்காரர் தன் முன்னறையில் ஒரு மேசை போட்டுக்கொடுத்தார். "அந்தம்மா முன்ன நல்லா பேசுமே, ஒடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். பரீட்சை என்றேன்.

மெல்ல வாக்கியங்கள் குட்டையாயின. "ஆளு எங்க" என்று தொடங்கி நிற்கும். பிறகு உதடு மட்டும் அசையும். பிறகு அதுவும் இல்லை. பேனா தாளைக் கீறும் சத்தம் மட்டும். அம்பு. பிளஸ் முப்பது. மைனஸ் பத்து. குடை. சரி. குடை. சரி. இரண்டு கற்கள் ஒன்றரை நொடியில் சந்தித்தன. ஓரகத்திகளும் போய்விட்டார்கள். அவர்களை நான் போகச் சொல்லவில்லை. சேர்ந்து போய்விட்டார்கள்.

கடைசி வாரம் அவர் போட்ட கணக்குகளில் நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் பையில் வைப்பார். டப்பாவில் பாதியைத் தள்ளுவார். சாப்பிடுவோம். ஏதாவது தப்பு வரும் என்று நான் ஒவ்வொரு வரியாகத் தேடிப் படித்தேன். வரவில்லை.

தேர்வு நாளில் கூட வரச் சொன்னார். "வெளிய உக்காருங்க போதும். ஸ்டாப்பிங்ல ஆள் நின்னா வண்டிய நிறுத்தித்தானே ஆகணும். அந்த மாதிரி." ஆலையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு போனேன். கல்லூரித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரில் கதவு. கதவில் அமைதி காக்கவும் என்று ஒட்டியிருந்தது. அவர் உள்ளே போகும்போது அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, "எனக்குன்னே ஒட்டியிருக்காங்க" என்றார்.

இரண்டு பாடத்துக்கும் அன்றே கணினித் தேர்வு. எழுதி முடித்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஓர் இளைஞன் தலையில் கை வைத்துக்கொண்டு போனான். இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் வரவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் வந்துவிட்டதாகத் தோன்றிய பிறகு வந்தார்.

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டும் பாஸ்" என்றார்.

"நல்லது."

"நல்ல மார்க்கு தம்பி. சீட்டு கெடைச்சிரும்."

பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நான் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை.

"ரெண்டு கல்லு கணக்கு வந்துச்சு. உசரம்தான் வேற. யோசிக்கவே இல்ல. கை தானா அம்பு போட்டுருச்சு. மேல."

"சரிதான்."

"சீக்கிரம் முடிச்சுட்டேன். நெறைய நேரம் மிச்சம். கணக்குப் போட்டுப் பாக்கக் குடுத்த வெத்துத் தாள் இருந்துச்சு. சரி, பாஸ்தான் ஆயிட்டோமே, அவ மாதிரி ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், அவளுக்காகன்னு..." கோப்பையைப் பார்த்தார். "வரல தம்பி."

தாழ்வாரத்தின் கடைசியில் யாரோ நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள்.

"எவ்ளோ நேரம் உக்காந்து பாத்தேன். படம் போட்டேன். அம்ப கீழ திருப்பினேன். அப்புறம் என்ன சொல்லுவான்னு தெரியல. பிளஸ், மைனஸ் எல்லாம் தெரியுது. அவ எதுலேர்ந்து ஆரம்பிப்பாங்கறதே போயிடுச்சு. அந்தம்மா, மேற்பார்வைக்கு இருந்தவங்க, என்னம்மா ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

சொல்லச் சொன்னதும் நான்தான், நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?" என்றார். "தெனமும் கேட்டீங்களே. சொல்லுங்க தம்பி. ஒரே ஒரு தடவ."

சொல்லத் தொடங்கினேன். முதலில் படம் வரைய வேண்டும் என்றேன். ஆள் கீழே நிற்கிறார். கீழ்நோக்கிய திசை பிளஸ். மேலே போவது மைனஸ். மைனஸ் வந்தால் அது விலகிப்போன தூரம். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரு விவரமும் விடவில்லை. வேறு ஏதோ இருந்தது, நடுவில் ஒரு வார்த்தையோ, ஒரு இழுப்போ. தேடினேன். நான் அதைக் குறுக்கே விழுந்து வெட்டிய இடங்கள்தான் ஞாபகம் வந்தன. என் குரலில் 'அம்பு' என்று கேட்டது.

அவர் கடைசிவரை கேட்டார். தலையாட்டினார். பிறகு தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கசக்கினார்.

"நீங்க சொன்னா கணக்கு மாதிரி இருக்கு தம்பி."

"ஆமா" என்றேன்.